எச்.ஐ.வி. மாத்திர தொடங்கின பிறகு வர்ற காய்ச்சலும் கட்டியும்: யாருக்கு வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

எச்.ஐ.வி.க்கு மாத்திர தொடங்கி ரெண்டு மூணு வாரத்துல சிலருக்கு காய்ச்சல் அடிக்குது, கழுத்துல கட்டி வீங்குது, அடங்கியிருந்த இருமல் திரும்ப வருது, உடனே வீட்டுல உள்ளவங்க "மாத்திர ஒத்துக்கல, நிப்பாட்டு"ன்னு சொல்லிடுறாங்க. நான் இலங்கை மலையகத்துல நர்ஸா வேலை செய்றேன், தேயிலைத் தோட்டத்துல பொறந்து வளந்தவ, என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்கள்ல முக்கால்வாசி இத சுத்தித்தான் இருக்கு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். இந்த பிரச்சினை யாருக்கு வரும்னு முதல் மாத்திரய முழுங்கறதுக்கு முன்னாடியே ஓரளவு கணிக்கலாம். அதுக்கு தேவையான விவரம் நிறைய கிளினிக் ஃபைல்லயே இருக்கு, மிச்சம் நோயாளி வாயத் திறந்து சொன்னாத்தான் தெரியும்.

இது என்ன வருத்தம்? இதுக்கு பேரு இருக்கா?

இருக்கு, டொக்டர்மாரு சுருக்கமா ஐரிஸ்னு சொல்லுவாங்க. எச்.ஐ.வி. மாத்திரயால நோய் எதிர்ப்பு சக்தி திரும்பி வரும்போது அது உடம்புல ஏற்கனவே இருக்குற கிருமிகள வேகமா தாக்குது, அந்தத் தாக்குதல்ல வர்ற வீக்கமும் காய்ச்சலும்தான் இது. எச்.ஐ.வி. கூடிருச்சின்னு அர்த்தம் இல்ல, மாத்திர வேலை செய்யலன்னும் அர்த்தம் இல்ல.

ரெண்டு விதமா வரும். ஒண்ணு, டிபி மாதிரி ஒரு நோய கண்டுபிடிச்சு மருந்து கொடுத்து அது குறைஞ்சிகிட்டு வரும்போது, எச்.ஐ.வி. மாத்திர தொடங்கின உடனே அந்த நோயே திரும்ப மோசமான மாதிரி காட்டும். ரெண்டாவது, உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருந்த நோய், அது இருக்குன்னு யாருக்குமே தெரியாது, மாத்திர தொடங்கின பிறகு ஒரேயடியா வெளிய வரும். இந்த ரெண்டாவது விதத்த நல்லா செக் பண்ணினா பெரும்பாலும் முன்னாடியே பிடிச்சிரலாம்.

மாத்திர நல்லதுன்னா ஏன் தொடங்கின உடனே உடம்பு மோசமாகுது?

லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, பைப்புல ரெண்டு மூணு நாள் தண்ணி வராம இருந்து திடீர்னு வந்தா முதல்ல காத்தும் சேறுமா சீறிகிட்டு வரும்ல, அந்தச் சேறு புதுத் தண்ணியோட வந்தது இல்ல, பைப்புக்குள்ள ஏற்கனவே படிஞ்சிருந்தது. இதுவும் அப்படித்தான்.

உடம்புக்குள்ள நடக்கிறத சொல்றேன். சிடி4ன்னு ஒரு வகை வெள்ளணு இருக்கு, நல்லா இருக்கிற ஆளுக்கு ஒரு சின்னத் துளி ரத்தத்துல 500ல இருந்து 1500 வரைக்கும் இருக்கும், எச்.ஐ.வி. வைரஸ் அததான் தின்னுகிட்டு வருது. அது 100க்கு கீழ, 50க்கு கீழ போயிட்டா டிபி கிருமியோ பூஞ்சையோ உள்ள வந்து பெருகினாலும் சண்டை போட ஆள் இல்ல, சண்டை இல்லன்னா பெருசா காய்ச்சலும் இருக்காது, வீக்கமும் இருக்காது. அதனாலதான் ரொம்ப மோசமான நிலைமையில இருக்கிற சிலர் வெளிய பாத்தா மெலிஞ்சிருக்காங்கன்னு மட்டும் தெரியுது. இப்ப மாத்திர தொடங்கினா சில வாரத்துலயே வைரஸ் கடகடன்னு குறையும், நிணநீர்க் கட்டிகள்ல அடைஞ்சி கிடந்த சிடி4 அணுக்கள் ரத்தத்துக்கு வரும், அதுங்களுக்கு எதிர்ல எக்கச்சக்கமா கிருமியும் செத்த கிருமியோட துண்டுகளும் கிடக்கு. கிருமி நிறைய இருந்து எதிர்ப்பு குறைவா இருந்த உடம்புல எதிர்ப்பு சட்டுனு திரும்பினா அடி பலமா விழும். யாருக்கு வரும்னு கணிக்கிறது எல்லாமே இந்த ஒரு கணக்குலதான் நிக்குது, உள்ள எவ்வளவு கிருமி இருக்கு, சிடி4 எவ்வளவு கீழ போயிருக்கு, எவ்வளவு வேகமா ஏறுது.

எத்தன பேருக்கு வருது?

2010ல உலகம் பூரா செஞ்ச 54 ஆய்வுகள சேத்து, மொத்தம் 13,000க்கு மேல நோயாளிகள வச்சு கணக்கு பாத்தாங்க. எந்த நோய்னு பிரிக்காம பாத்தா 16 சதவீதம் போல வந்துச்சி. பிரிச்சு பாத்தா டிபி உள்ளவங்கள்ல கிட்டத்தட்ட 16 சதவீதம், கிரிப்டோகொக்கஸ்னு பூஞ்சையால வர்ற மூளைக்காய்ச்சல் உள்ளவங்கள்ல 19.5, கண்ணுக்குள்ள சிஎம்வி வைரஸ் உள்ளவங்கள்ல 37.7. ஐரிஸ் வந்தவங்கள்ல இறந்தவங்க மொத்தத்துல 4.5 சதவீதம், ஆனா அந்தப் பூஞ்சை மூளைக்காய்ச்சலோட வந்தவங்கள்ல 20 சதவீதத்துக்கு மேல. அதாவது பெரும்பாலானவங்க பிழைச்சிக்குவாங்க, மூளைக்குள்ள வந்தாத்தான் பயங்கரம்.

இதுல இன்னொண்ண கவனிக்கணும். 2015ல உலக சுகாதார நிறுவனம் சிடி4 எவ்வளவு இருந்தாலும் எச்.ஐ.வி. இருக்குன்னு தெரிஞ்சா மாத்திர தொடங்குங்கன்னு சொல்லிருச்சி, நம்ம நாட்டுலயும் இப்ப அப்படித்தான், மாத்திர அரசாங்க கிளினிக்ல இலவசம். நேரத்தோட வந்து சிடி4 400, 500 இருக்கும்போதே தொடங்குறவங்களுக்கு இந்த பயம் ரொம்ப குறைவு. லேட்டா வர்றவங்களுக்குத்தான் மாட்டுது. நம்ம பக்கம் ஏன் லேட்டாகுதுன்னு எனக்கு தெரியும், கிளினிக் போனா ஒரு நாள் பேரு, அதாவது அன்னைக்கு சம்பளம், போகும், பஸ் மாறி மாறி போகணும், ஒரு காம்பராவுல (அறையில) பேசினா அடுத்த காம்பராவுக்கு கேக்குற லயத்துல இத எப்படி மறைக்கிறதுங்கிற பயம் வேற. இதுக்காக நோயாளிய திட்டுறவங்கள கண்டா எனக்கு கோவம் வரும், ஏன்னா திட்டு வாங்கின ஆள் அடுத்த தடவ இன்னும் லேட்டாத்தான் வருவாரு.

சரி, யாருக்கு வரும்னு எத வச்சு கணிக்கிறாங்க?

முதல்ல பாக்குறது சிடி4. 100க்கு கீழ இருந்தா கவனம், 50க்கு கீழ இருந்தா ரொம்ப கவனம். இந்த ஒரு நம்பர் அளவுக்கு வேற எதுவும் ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்ப நிரூபிக்கப்படல.

அடுத்தது உள்ள வேற நோய் இருக்கா, இருந்தா எவ்வளவு பரவியிருக்கு. டிபி நுரையீரல்ல மட்டும் இருக்கிறதுக்கும், கழுத்துக் கட்டி, வயிறு, ரத்தம்னு பரவியிருக்கிறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, பரவியிருந்தா உள்ள கிருமி ஜாஸ்தி. மூத்திரத்துல லாம்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அது டிபி கிருமியோட தோல்ல இருக்கிற ஒரு பொருள பிடிக்கும், ரொம்ப பலவீனமான நோயாளிகளுக்கு அத செய்யச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பொசிட்டிவா வந்தா டிபி உடம்பு பூரா பரவியிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் டிபி மருந்து தொடங்கினதுக்கும் எச்.ஐ.வி. மாத்திர தொடங்கினதுக்கும் இடையில எத்தன நாள். இடைவெளி குறைய குறைய ஐரிஸ் வாய்ப்பு கூடும், ஏன்னா டிபி மருந்து கிருமியக் குறைக்க நேரம் கிடைக்கல. இதப் பத்தி கீழ தனியா சொல்றேன்.

வைரஸ் அளவும் பாப்பாங்க. ஆரம்பத்துல லட்சத்துக்கு மேல இருந்து சில வாரத்துல சரசரன்னு விழுந்தா, எதிர்ப்பு சக்தியும் அதே வேகத்துல எழும்பும்னு அர்த்தம்.

இதோட ஹீமோகுளோபின் குறைவு, உடம்பு எடை ரொம்ப குறைவு, சிஆர்பின்னு வீக்கத்த காட்டுற ரத்த டெஸ்ட் கூடுதலா இருக்கிறது, இதெல்லாமும் பல ஆய்வுகள்ல வருது. அமெரிக்கா, கென்யா, தாய்லாந்துல சிடி4 100க்கு கீழ உள்ளவங்கள சேத்து பாத்த ஒரு ஆய்வுல அஞ்சுல ஒருத்தருக்கு போல ஐரிஸ் வந்துச்சி, அங்கயும் ஹீமோகுளோபின் குறைஞ்சவங்களுக்கு ஆபத்து கூடவா இருந்துச்சி.

தோட்டத்துப் பொம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் எப்பவுமே குறைவுதானே? அப்ப எல்லாருக்கும் வருமா?

இந்தக் கேள்விய கேட்ட அக்காவ எனக்கு ரொம்ப புடிச்சிது, ஏன்னா படிச்சவங்களே இத யோசிக்காம விட்டுர்றாங்க. கொழுந்து எடுக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு ரத்தம் குறைவு, எடையும் குறைவு, அதுக்கு சாப்பாடு, கொக்கிப்புழு, அடுத்தடுத்த பிரசவம்னு வேற காரணங்கள் இருக்கு, எச்.ஐ.வி.யே இல்லாதவங்களுக்கும் அப்படித்தான். மத்த நாடுகள்ல ஹீமோகுளோபின் குறைஞ்சா அது பெரும்பாலும் பரவின டிபியையோ முத்தின எச்.ஐ.வி.யையோ காட்டும், இங்க அது ரெண்டையும் காட்டலாம், வெறும் இரும்புச்சத்து குறைவாவும் இருக்கலாம். அதனால அந்த ஒரு நம்பர மட்டும் வச்சு கணிக்கக் கூடாதுங்கிறது என்னோட உறுதியான கருத்து. பழைய கிளினிக் கொப்பி, கர்ப்பகால கொப்பி இருந்தா கொண்டு வாங்க, ரெண்டு வருஷம் முன்னாடியும் ரத்தம் 9தான் இருந்துச்சின்னா அது ஒரு கதை, போன வருஷம் 12 இருந்து இப்ப 8ன்னா அது வேற கதை, டொக்டருக்கு அது ரொம்ப உதவும்.

ஐஎல்-6, டி-டைமர்னு வேற டெஸ்ட் இருக்குன்னு இன்டர்நெட்டுல பாத்தேன், அத செஞ்சா உறுதியா தெரியுமா?

தெரியாது. மாத்திர தொடங்கறதுக்கு முன்னாடியே ரத்தத்துல வீக்கத்த காட்டுற இந்தப் பொருட்கள் கூடுதலா இருந்தவங்களுக்கு ஐரிஸ் கூடுதலா வந்துருக்குன்னு ஆய்வுகள் சொல்றது உண்மைதான், ஆனா இது ஆய்வுகூட வேலை, இந்த நம்பருக்கு மேல வந்தா ஐரிஸ் வரும்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு கோடு இல்ல. சிஆர்பி மட்டும் மலிவு, நம்ம பக்கமும் சாதாரணமா செய்றாங்க. மத்ததுக்கு தனியார் லேப்ல காச கொண்டு போய் கொட்டாதீங்க, அந்தக் காசுல ரெண்டு மூணு தடவ கிளினிக் வந்துட்டு போகலாம்.

மூளைக்காய்ச்சல் உள்ளவங்களுக்கு மட்டும் ஒரு விஷயம் உபயோகமானது. முதுகுல ஊசி போட்டு எடுக்கிற நீர்ல, பூஞ்சை நிறைய இருந்தும் வெள்ளணு ரொம்ப குறைவா இருந்தா அது நல்ல அறிகுறி இல்ல, சண்டை இன்னும் தொடங்கவே இல்லன்னு அர்த்தம், அப்படிப்பட்டவங்களுக்குத்தான் பின்னாடி ஐரிஸ் பலமா வருது. டிபி மூளைக்காய்ச்சல்ல இது மாறி வரும், அங்க நீர்ல கிருமி வளந்து நியூட்ரோஃபில்னு ஒரு வகை வெள்ளணு கூடுதலா இருந்தவங்களுக்குத்தான் அதிகம் வந்துருக்கு.

எனக்கு சிடி4 40. அப்ப கண்டிப்பா வருமா?

கண்டிப்பான்னு யாராலயும் சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன் பக்கத்துல கயெலிட்ஷாங்கிற இடத்துல ஒரு ஆய்வு செஞ்சாங்க, 2018ல வெளிவந்துச்சி, சிடி4 100 இல்லாட்டி அதுக்கு கீழ, டிபி மருந்து தொடங்கி 30 நாளுக்குள்ள எச்.ஐ.வி. மாத்திரயும் தொடங்குறவங்க, அதாவது வரும்னு முன்கூட்டியே எதிர்பாத்த ஆளுங்களத்தான் தேடி எடுத்தாங்க. அவங்கள்லயும் தடுப்பு மருந்து கொடுக்காத பக்கம் 46.7 சதவீதத்துக்குத்தான் வந்துச்சி. ஆபத்து அதிகம்னு தெரிஞ்சே பொறுக்கி எடுத்த ஆளுங்கள்லயே பாதிக்கு கொஞ்சம் கூடுதலான பேருக்கு வரவே இல்ல.

அதனால கணிப்பு எதுக்குன்னா யார கிட்ட வச்சு பாக்கணும், யார ஒரு வாரத்துல திரும்ப கூப்பிடணும், யாருக்கு எந்த டெஸ்ட்ட முதல்ல செய்யணும், யாரோட வீட்டு ஆளுங்ககிட்ட முன்னாடியே பேசி வைக்கணும்னு முடிவெடுக்கத்தான். "உங்களுக்கு வரலாம், வந்தா இப்படி இருக்கும், வந்த உடனே எங்ககிட்ட சொல்லுங்க"ன்னு முதல் நாளே சொல்லி அனுப்பினவங்க காய்ச்சல் வந்தா பயந்து மாத்திரய விடுறது இல்ல, இத நான் கண்ணால பாத்துருக்கேன்.

ஒரு தம்பி கொழும்புல கடையில நின்னுட்டு உடம்பு முடியாம தோட்டத்துக்கு வந்தவரு, டிபி மருந்து குடிச்சு இருமல் குறைஞ்சு சோறு சாப்பிடத் தொடங்கியிருந்தாரு. எச்.ஐ.வி. மாத்திர தொடங்கி மூணாவது வாரம் கழுத்துல மஃப்ளர சுத்திகிட்டு வந்து ஒண்ணும் பேசாம பெஞ்சில உக்காந்தாரு. மஃப்ளர எடுத்தா வலது பக்கம் பெருவிரல் தடிப்புல வரிசையா மூணு கட்டி, தோல் சிவந்து போய் தொட்டாலே கத்துறாரு. "மிஸ், அம்மா மாத்திரய அடுப்புல போடச் சொல்றாங்க"ன்னாரு. மாத்திர போத்தல் குலுங்குற சத்தம் பக்கத்து காம்பராவுக்கு கேக்கும்னு பஞ்ச வச்சு அடைச்சு, விறகு அடுக்குக்கு பின்னால ஒளிச்சு வச்சிருந்த ஆளு, அவ்வளவு கஷ்டப்பட்டு குடிச்ச மாத்திரதான் தன்ன கொல்லுதுன்னு நினைச்சிட்டாரு. அவருக்கு சிடி4 50க்கு கீழ, டிபி கழுத்துலயும் இருந்துச்சி, வர்றதுக்கு எல்லா காரணமும் ஃபைல்ல எழுதியே இருந்துச்சி, ஆனா அத யாரும் அந்த அம்மாவுக்கு சொல்லல. டொக்டர் கட்டியில ஊசி போட்டு சீழ எடுத்து டெஸ்ட் பண்ணி, மருந்துக்கு அடங்காத டிபி இல்லன்னு பாத்துட்டு, வீக்கத்த அடக்குற ஸ்டெரொய்ட் மருந்து கொடுத்தாரு, ரெண்டு மாத்திரயும் நிப்பாட்டல, கட்டி வத்திருச்சி.

டிபி இருந்தா எச்.ஐ.வி. மாத்திரய தள்ளிப் போட்டா என்ன? அப்ப ஐரிஸ் வராதே?

ஐரிஸ் குறையும், ஆனா ஆள் செத்துப் போகலாம். கம்போடியாவுல 661 பேர வச்சு செஞ்ச ஆய்வு இருக்கு, 2011ல வந்துச்சி. டிபி மருந்து தொடங்கி 2 வாரத்துல எச்.ஐ.வி. மாத்திர கொடுத்தவங்கள்ல 18 சதவீதம் இறந்தாங்க, 8 வாரம் பொறுத்து கொடுத்தவங்கள்ல 27 சதவீதம். சீக்கிரம் கொடுத்த பக்கம் ஐரிஸ் ரெண்டரை மடங்கு கூட வந்துச்சி, அப்படி இருந்தும் அந்தப் பக்கம்தான் கூடுதலா உயிர் தப்பினாங்க. அதனால ஐரிஸுக்கு பயந்து தள்ளிப் போடுறது தப்பு. இப்ப உலக சுகாதார நிறுவனம் சொல்றது, டிபி மருந்து தொடங்கி 2 வாரத்துக்குள்ள எச்.ஐ.வி. மாத்திரயும் தொடங்கணும், சிடி4 எவ்வளவா இருந்தாலும் சரி.

மூளையில டிபின்னா மட்டும் சட்டம் வேற, 4ல இருந்து 8 வாரம் பொறுக்கச் சொல்றாங்க.

பூஞ்சை மூளைக்காய்ச்சல்னா?

அங்கயும் பொறுக்கணும், 4ல இருந்து 6 வாரம். உகண்டாவுலயும் தென்னாப்பிரிக்காவுலயும் 177 பேர வச்சு பாத்தாங்க, ஒண்ணு ரெண்டு வாரத்துல அவசரப்பட்டு எச்.ஐ.வி. மாத்திர தொடங்கினவங்கள்ல ஆறு மாசத்துல 45 சதவீதம் இறந்துட்டாங்க, அஞ்சு வாரம் போல பொறுத்தவங்கள்ல 30. மண்டைக்குள்ள வீங்குறதுக்கு இடமே இல்ல, அதனாலதான்.

இதுக்கு முன்னாடியே பிடிக்க ஒரு வழி இருக்கு. சிடி4 100க்கு கீழ உள்ள எல்லாருக்கும் கிரிப்டோகொக்கஸ் ஆன்டிஜென் ரத்த டெஸ்ட் செய்யணும், 200க்கு கீழ இருந்தாலும் செய்யலாம்னு சொல்றாங்க. தலைவலி இல்லாம இருக்கும்போதே ரத்தத்துல பூஞ்சை அடையாளம் தெரிஞ்சா, மூளைக்கு போயிருக்கான்னு பாத்துட்டு, ஃப்ளுகொனசோல் மாத்திர கொடுத்து தடுக்கலாம். உங்க சிடி4 குறைவுன்னா "டொக்டர், எனக்கு இந்த டெஸ்ட் செஞ்சாச்சா?"ன்னு கேளுங்க, கேக்குறது மரியாதைக் குறைவு இல்ல.

மாத்திர தொடங்கறதுக்கு முன்னாடி நான் கிளினிக்ல என்னென்ன சொல்லணும்?

சின்ன விஷயம்னு எதையும் மறைக்காதீங்க. மூணு வாரமா இருமல், ராத்திரி வேர்த்து உடுப்பு நனையுது, சட்டை தொளதொளன்னு ஆகுது, வீட்டுல தாத்தாவுக்கோ மாமாவுக்கோ டிபி இருந்துச்சி, நீங்க சின்ன வயசுல டிபி மருந்து குடிச்சீங்க, தலைவலி விடாம இருக்கு, கண்ணுல புள்ளி புள்ளியா ஓடுது, ஒரு பக்கம் மங்கலா தெரியுது, தோல்ல உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கு, இதெல்லாம் சொல்லணும். கடைசியா சொன்னது தொழுநோயா இருக்கலாம், அதுவும் மாத்திர தொடங்கின பிறகு சிவந்து வீங்கி வெளிய வர்றதுண்டு. கண்ணு விஷயத்த யாரும் பெருசா எடுக்கிறது இல்ல, ஆனா சிடி4 50க்கு கீழ இருந்தா கண்ணுக்குள்ள லைட் அடிச்சு பாக்குறது ரொம்ப முக்கியம், சிஎம்வி இருந்து அது தெரியாம மாத்திர தொடங்கினா பார்வையே போகலாம்.

டிபி சந்தேகம் இருந்தா நெஞ்சு நோய் கிளினிக்ல சளி எடுத்து ஜீன் எக்ஸ்பர்ட் செய்வாங்க, நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பாங்க. அடுப்புப் புகையில வர்ற இருமல்னு நீங்களே முடிவு கட்டிராதீங்க.

வராம தடுக்க மருந்து இருக்கா?

டிபி ஐரிஸுக்கு இருக்கு. மேல சொன்ன கேப் டவுன் ஆய்வுல 240 பேர் இருந்தாங்க, பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. மாத்திர தொடங்கும்போதே பிரெட்னிசோன்னு ஸ்டெரொய்ட் 2 வாரம் தினம் 40 மில்லிகிராம், அடுத்த 2 வாரம் 20 மில்லிகிராம் கொடுத்தாங்க. ஐரிஸ் 46.7ல இருந்து 32.5 சதவீதத்துக்கு இறங்கிச்சி, வேற கடுமையான தொற்றும் கூடல. கணிப்பு எதுக்கு பிரயோஜனம்னு கேட்டா இதுதான் பதில், ஆபத்து கூடினவங்கள அடையாளம் கண்டாத்தான் இத யாருக்கு கொடுக்கணும்னு தெரியும், எல்லாருக்கும் அள்ளிக் கொடுக்க முடியாது. அந்த ஆய்வுல ரிஃபாம்பிசின்ங்கிற டிபி மருந்துக்கு அடங்காத டிபி உள்ளவங்க, மூளை டிபி உள்ளவங்க, ஹெபடைடிஸ் பி உள்ளவங்க, கபோசி சார்கோமாங்கிற தோல் புற்றுநோய் உள்ளவங்க இவங்கள சேக்கவே இல்ல, அதனால அந்த முடிவ அவங்களுக்கு பொருத்தக் கூடாது. கபோசி உள்ளவங்களுக்கு ஸ்டெரொய்ட் நோயவே கூட்டிரும்.

அதே மாத்திரய ஃபார்மசியில வாங்கி குடிக்கலாமா?

தயவு செஞ்சி குடிக்காதீங்க. பீஸ் வேணாம்னு, பஸ் வேணாம்னு டவுன் ஃபார்மசியில ஸ்டெரொய்ட் வாங்கி குடிச்சா காய்ச்சல் அடங்கிரும், ஆனா அந்தக் காய்ச்சல் மருந்துக்கு அடங்காத டிபியால வந்ததா இருந்தா உள்ள நெருப்பு மாதிரி பரவும், வெளிய தெரியாது. தோட்டத்து ஆளுங்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கு, வெறுங்காலோட மண்ணுல நடக்கிறவங்க உடம்புல ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்னு ஒரு புழு வருஷக்கணக்கா சத்தமில்லாம இருக்கலாம், ஸ்டெரொய்ட் கொடுத்தா அது பெருகி ரத்தத்துக்குள்ள போய் உயிருக்கே ஆபத்தாகும். காலுக்கு சப்பாத்து இல்லாம வேலை செஞ்சேன்னு டொக்டர்கிட்ட சொன்னா அவரு புழு மருந்து பத்தி யோசிப்பாரு. சீனி வருத்தம் இருந்தாலும் சொல்லுங்க, ஸ்டெரொய்ட் சீனிய ஏத்தும். டிபி மருந்துல உள்ள ரிஃபாம்பிசின் ஸ்டெரொய்டோட பலத்த குறைக்கும், அளவ போடுறவரு அதையும் கணக்கு பாக்கணும்.

இப்ப கொடுக்கிற டொலுடெக்ராவிர் மாத்திர ரொம்ப வேகமா வேலை செய்யுதாம், அதனால ஐரிஸ் கூடுமா?

அப்படித்தான் ஆரம்பத்துல பல டொக்டர்மாரு பயந்தாங்க, வைரஸ் வேகமா விழுந்தா அடியும் பலமா விழும்னு. ஆனா ஆட்கள குலுக்கல் முறையில பிரிச்சு செஞ்ச ஆய்வுகள்ல அந்த பயம் உறுதியாகல. அதே வகையில உள்ள ரால்டெக்ராவிர் மாத்திரய மேலதிகமா சேத்து கொடுத்த 1805 பேர் ஆய்வுலயும் வைரஸ் வேகமா குறைஞ்சிது, ஐரிஸ் கூடல. டிபிக்கு ரிஃபாம்பிசின் குடிக்கிறவங்க மட்டும் டொலுடெக்ராவிர ஒரு நாளைக்கு ரெண்டு வேளை குடிக்கணும், அந்த ரெண்டாவது வேளைய மறந்துறாதீங்க.

மாத்திர தொடங்கின பிறகு காய்ச்சல் வந்தா அது ஐரிஸ்தானா?

இல்ல, இங்கதான் ரொம்ப பேர் தவறுறாங்க, டொக்டர்மாரும் சேத்துத்தான். ஐரிஸ்னு உறுதியா காட்டுற ஒரு டெஸ்டே கிடையாது, மத்ததெல்லாம் இல்லன்னு பாத்த பிறகுதான் அந்தப் பேரு வைக்கணும். டிபி மருந்துக்கு அடங்காததா, மாத்திரய ஒழுங்கா குடிக்கலயா, வேற தொற்று வராம தடுக்க கொடுக்கிற கோட்ரைமொக்சசோல் மாத்திரயால அலர்ஜியா, ஈரல் பாதிச்சிருக்கா, இதெல்லாம் பாக்கணும். அதோட நம்ம மலைநாட்டுக்குன்னே உள்ள காய்ச்சலுங்க இருக்கு, எலிக்காய்ச்சல், டெங்கு, உண்ணி கடிச்சு வர்ற டைபஸ். டைபஸுக்கு டொக்ஸிசைக்ளின் கொடுத்தா ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் விடும், அத ஐரிஸ்னு நினைச்சு ஸ்டெரொய்ட் கொடுத்துட்டு இருந்தா கதை கந்தல்.

காலக் கணக்கு உதவும். பெரும்பாலும் முதல் 2ல இருந்து 4 வாரத்துல வரும், 3 மாசத்துக்குள்ள வந்துரும். டிபி ஐரிஸுக்கு 2008ல உலக அளவுல ஒத்துக்கிட்ட வரையறையிலயும் அந்த 3 மாசக் கோடு இருக்கு.

ஐரிஸ் வந்தா மாத்திரய நிப்பாட்டணுமா?

நிப்பாட்டக் கூடாது. எச்.ஐ.வி. மாத்திரயும் குடிக்கணும், டிபி மருந்தும் குடிக்கணும். உயிருக்கே ஆபத்தான நிலைமையில, அதுவும் ஆஸ்பத்திரியில வச்சு, டொக்டர் முடிவெடுத்தா மட்டும்தான் தற்காலிகமா நிப்பாட்டுவாங்க. லேசா இருந்தா தன்னால அடங்கும், வலிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து போதும். கொஞ்சம் கடுமைன்னா ஸ்டெரொய்ட் கொடுத்து மெதுவா குறைப்பாங்க, தென்னாப்பிரிக்காவுல 110 பேர வச்சு செஞ்ச ஆய்வுல அப்படி கொடுத்தவங்க ஆஸ்பத்திரியில படுக்கிற நாள் குறைஞ்சிது.

எப்ப உடனே ஆஸ்பத்திரிக்கு போகணும்?

தலைவலியோட வாந்தி, கழுத்து விறைப்பு, பேச்சு குளறுது, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் இழுக்குது, பார்வை மங்குது, மூச்சு வாங்குது, கண்ணு மஞ்சளாகுது, இதுல ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு இருக்காதீங்க. 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமா வரும், லயத்து வரைக்கும் ரோட் இல்லன்னா ஃபேக்டரி பக்கமோ மெயின் ரோட்டுக்கோ தூக்கிட்டு வந்துட்டு அந்த இடத்த சொல்லுங்க.

கொழந்தைக்கும் வருமா?

வரும். நம்ம நாட்டுல பொறந்த உடனே பிசிஜி ஊசி போடுறாங்கல்ல, அது உயிருள்ள கிருமி, எச்.ஐ.வி. உள்ள கொழந்தைக்கு மாத்திர தொடங்கின பிறகு ஊசி போட்ட பக்கத்து கமக்கட்டுல கட்டி வீங்கலாம், சீழ் வைக்கலாம். பாத்துட்டு பதறி மாத்திரய நிப்பாட்டாம கிளினிக்ல காட்டுங்க. அம்மாகிட்ட இருந்து கொழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுறத ஒழிச்ச நாடுன்னு இலங்கைக்கு 2019ல உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துருக்கு, அதனால இப்படிப்பட்ட கொழந்தைங்க இங்க ரொம்ப அபூர்வம், கர்ப்பகால கிளினிக்ல ரத்தம் எடுக்கிறாங்கன்னா வேணாம்னு சொல்லிராதீங்க.

மூணு மாசம் தாண்டிட்டா பயமில்லையா?

பெரும்பாலும் இல்ல. சிலருக்கு மட்டும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கழிச்சு தைரொய்ட் கூடுற வருத்தம் வரும், நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், சாப்பிட்டும் மெலியிறது, இதையும் எதிர்ப்பு சக்தி திரும்பினதோட சேத்துத்தான் பாக்குறாங்க. ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிரும்.

கிளினிக் தூரம், காய்ச்சல் வந்தா தோட்டத்து டிஸ்பென்சரிக்குத்தான் போக முடியும், அங்க எல்லாத்தையும் சொல்லணுமா?

உங்க எச்.ஐ.வி. விஷயத்த அங்க சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா வெறும் காய்ச்சல்னு சொல்லி பெனடோல் வாங்கிட்டு வந்துறாதீங்க, "டிபி மருந்து குடிக்கிறேன்"னாவது சொல்லுங்க, புதுசா எந்த மாத்திர தந்தாலும் அதோட பேர ஒரு துண்டுல எழுதி வாங்குங்க. அன்னைக்கே கிளினிக்குக்கு கோல் எடுங்க, மாத்திர தொடங்கின முதல் நாளே அந்த நம்பர போன்ல வேற பேர்ல போட்டு வச்சிக்கங்க. கோல் எடுத்தா மூணு விஷயம் சொன்னா போதும், ஃபைல்ல உள்ள உங்க நம்பர், மாத்திர தொடங்கி எத்தன வாரம், இப்ப என்ன பண்ணுது. சிடி4ம் டிபியும் ஃபைல்ல இருக்கு, அத பாத்துட்டு இன்னைக்கே வரணுமா, நாளைக்கு வந்தா போதுமான்னு அவங்க சொல்லுவாங்க. வரச் சொன்னா ரெண்டு மருந்து போத்தலையும், டிஸ்பென்சரியில தந்த துண்டையும் பையில போட்டு எடுத்துட்டு வாங்க, அன்னைக்கு குடிக்க வேண்டிய மாத்திரய குடிச்சிட்டே பஸ் ஏறுங்க.